முந்நூறு மீட்டர் தொலைவில் பனிக்கரடி: ஸ்வால்பார்டு கடலில் பார்ப்பதும் படமெடுப்பதும்

அடுத்த கோடையில் மனைவியுடன், ஆர்க்டிக் பெருங்கடலிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளைச் சுற்றிவரும் பத்து நாள் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்ய எண்ணியிருப்பதாகக் குறிப்பிட்டு, நான்கு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். படத்தைப் பதியும் உணரி சிறியதாக உள்ள ஏபிஎஸ்-சி கேமராவும் 100–400 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கும் நீங்கள், கரடியின் முகம் ஃபிரேம் முழுவதும் நிறையும்படி ஒரு படம் எடுக்க 600 மி.மீ. லென்ஸ் வாங்க வேண்டுமா. எந்த மாதம் செல்வது நல்லது. எவ்வளவு பெரிய கப்பலைத் தேர்வது. படமெடுப்பதில் நாட்டமில்லாத மனைவிக்கு இப்பயணம் சலித்துவிடுமா என்பவை அவை. அந்தக் கடலில் மூன்று கோடைகளில் பயணம் செய்திருக்கிறேன். இரண்டு பயணங்கள் 2025க்கு முன்பும் ஒன்று அதன் பின்பும் அமைந்ததால், முதல் கேள்விக்கான விடை எவ்வளவு மாறிவிட்டது என்பதை நேரில் கண்டேன். ஆகவே முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் அந்த முகப்படம் ஸ்வால்பார்டில் இனி எந்த லென்ஸாலும் கிடைக்காது, அதற்காக லென்ஸ் வாங்க வேண்டாம்.

காரணம் சட்டம். 1920ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நார்வேயின் இறையாண்மைக்கு உட்பட்ட இத்தீவுகளில் 1973 முதல் பனிக்கரடியை வேட்டையாடுவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2002இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், கரடியைத் துரத்துவது, இரை காட்டியோ வேறு வழியிலோ அருகில் வரவழைப்பது, அதன் இயல்பான நடமாட்டத்தைக் குலைப்பது ஆகிய அனைத்தையும் குற்றமாக்கியது. ஆனால் இத்தனை மீட்டர் என்ற வரையறை அப்போது இல்லை. தொந்தரவு நேர்ந்ததா இல்லையா என்பது கப்பலை நடத்துவோரின் தீர்ப்புக்கு விடப்பட்டிருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது எண்ணாகவே எழுதப்பட்டுவிட்டது. மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை கரடியிடமிருந்து குறைந்தது 500 மீட்டர், ஜூலை 1 முதல் பிப்ரவரி இறுதி வரை குறைந்தது 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். பனிமூட்டத்தில் தெரியாமல் நெருங்கிவிட்டாலும், கரடி கண்ணில் பட்ட கணத்திலிருந்து அந்தத் தொலைவுக்குப் பின்வாங்குவது கடமை.

இந்த எண்களை லென்ஸின் கணக்கில் வைத்துப் பாருங்கள். மூக்கிலிருந்து பின்புறம் வரை 2.2 மீட்டர் நீளமுள்ள, நன்கு வளர்ந்த ஆண் கரடி ஒன்று 300 மீட்டருக்கு அப்பால் பக்கவாட்டில் நிற்கிறது என்று கொள்வோம். 600 மி.மீ. லென்ஸ் அதன் உருவத்தை உணரியின் மீது 4.4 மி.மீ. நீளத்துக்கு வரையும். 36 மி.மீ. அகலமுள்ள முழு ஃபிரேம் கேமராவில் அது அகலத்தில் எட்டில் ஒரு பங்கு. உங்கள் 400 மி.மீ. லென்ஸ் வரைவது 2.9 மி.மீ.; ஆனால் உங்கள் உணரியின் அகலம் 23.5 மி.மீ. மட்டுமே என்பதால் அங்கேயும் கரடி எட்டில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். பெரும் பணம் கொடுத்து வாங்கிய கனத்த லென்ஸை முழு ஃபிரேம் கேமராவில் பொருத்தி உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன சட்டகம் கிடைக்குமோ, கிட்டத்தட்ட அதுவேதான் உங்களுக்கும் கிடைக்கும். உங்கள் கேமராவில் 600 மி.மீ. பொருத்தினாலும் ஐந்தில் ஒரு பங்கை எட்டாது. ஜூன் மாதம் சென்றால் 500 மீட்டரில் அதே 600 மி.மீ. லென்ஸ் 2.6 மி.மீ. உருவத்தைத்தான் தரும். லென்ஸின் எட்டத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் செலவு செய்வதில் பொருளில்லை என்பதே என் உறுதியான கருத்து.

இதை இழப்பாக நான் கருதவில்லை. பழைய பயணங்களில் எடுத்த என் நெருக்கமான படங்களை இன்று எடுத்துப் பார்க்கும்போது, அவற்றில் பலவற்றுக்கும் ஒரு விலங்குக்காட்சிச் சாலையில் எடுத்த படத்துக்கும் வேறுபாடு சொல்ல முடியவில்லை. வெள்ளை மயிரும் கறுத்த மூக்கும் இருக்கின்றன. அந்த விலங்கு எங்கே வாழ்கிறது, எதன் மீது நடக்கிறது, எவ்வளவு பெரிய வெறுமைக்கு நடுவில் இரை தேடுகிறது என்ற எதுவும் இல்லை. 1773இல் இக்கடலுக்கு வந்து, மறு ஆண்டு இவ்விலங்கைத் தனி இனமாக முதன்முதலில் விவரித்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிப்ஸ் அதற்குக் 'கடற்கரடி' என்று பொருள்படும் லத்தீன் பெயரையே இட்டார். அந்தக் கடலையும் சட்டகத்துக்குள் கொண்டுவரும் படத்துக்கு 300 மீட்டர் பொருத்தமான தொலைவுதான். உடைந்த பனிப்பாளங்கள், அவற்றுக்கிடையே கருநீல நீர்க்கீற்று, பின்னால் பனிமூட்டத்தில் கரையும் அடிவானம், அதில் எட்டில் ஒரு பங்காக நடந்துசெல்லும் கரடி. இதைச் சிந்தித்து அமைத்தால், கரடியின் பாதம் எந்தப் பாளத்திலிருந்து எந்தப் பாளத்துக்குத் தாவப்போகிறது என்பதுகூடப் படத்தில் கதையாகிவிடும்.

விதி ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று பயணிகள் சிலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். பனிக்கரடியின் ஆண்டு வாழ்வு கொழுப்பின் கணக்கில் நடக்கிறது. வளைய சீல்களும் தாடி சீல்களும் குட்டி ஈனும் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் அது தின்று சேர்க்கும் கொழுப்பே, பனி விலகிய பின் வரும் இரை அரிதான மாதங்களில் அதைத் தாங்குகிறது. அதே மாதங்களில்தான் பனிக்காலம் முழுதும் குகையில் உண்ணாதிருந்த தாய் தன் குட்டிகளுடன் வெளியே வந்து முதல் இரையைத் தேடுகிறது. சீலின் மூச்சுத்துளை அருகே அசையாமல் படுத்திருக்கும் கரடி ஒரு படகின் ஓசைக்குத் தலைதூக்கினால் அந்த வேட்டை முடிந்தது. 500 மீட்டர் விதி அந்த நான்கு மாதங்களுக்கு இருப்பதன் பொருள் இதுதான். மனிதருக்கான ஆபத்தும் சிறிதல்ல. 2018 ஜூலை 28 அன்று, ஃபிப்ஸின் பெயரையே தாங்கிய ஃபிப்சோயா தீவில், பயணிகளை இறக்குவதற்கு முன் கரையைச் சோதிக்கச் சென்ற காவலர் ஒருவரைக் கரடி தாக்கியது. அவர் காயங்களோடு பிழைத்தார், கரடி சுட்டுக் கொல்லப்பட்டது. கரடி தெரிந்த கரையில் எந்த வழிகாட்டியும் உங்களை இறக்க மாட்டார். இறக்கக் கேட்கவும் கூடாது.

இனி, கரடி எப்படிக் கண்ணில் படுகிறது என்பது. தீவுகளில் மனிதரைவிடக் கரடிகள் அதிகம் என்று விளம்பரங்களில் வரும் வாக்கியத்தை நம்பிச் செல்லாதீர்கள். லாங்இயர்பியன் நகரில் மட்டும் ஏறத்தாழ 2,500 பேர் வாழ்கிறார்கள். ஆண்டு முழுதும் ஸ்வால்பார்டிலேயே தங்கும் கரடிகளோ சுமார் 300 மட்டுமே. 2004ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டிய ஏறக்குறைய 2,650 என்பது ரஷ்யப் பகுதியும் சேர்ந்த பாரென்ட்ஸ் கடல் முழுவதற்குமான மதிப்பீடு. இவற்றில் இரு வகை வாழ்க்கை உண்டு. ஒரு சாரார் பனி விளிம்போடு சேர்ந்து வடக்கே போய்விடும் கடலோடிகள். மற்றவை கோடையிலும் ஃபியார்டுகள் எனப்படும் குறுகிய கடல்நுழைவுகளை விட்டு அகலாமல், பனியாற்று முகப்புகளின் முன் சீல் பிடித்தும், பறவை முட்டைகளைத் தின்றும், கரையொதுங்கிய திமிங்கிலத்தின் பிணத்தைப் பகிர்ந்தும் காலம் தள்ளுபவை. நல்ல கப்பல் தலைவர் இரண்டையும் தேடுவார்: நார்வே வானிலை நிறுவனம் வெளியிடும் கடல்பனி வரைபடத்தைப் பார்த்து வடக்கே பனி விளிம்புக்கு ஒருமுறை, லீஃப்டஃபியார்டில் மொனாக்கோ பனியாற்றின் முன்போ ஹின்லோப்பன் நீரிணையின் கரைகளிலோ ஒருமுறை.

பனியின் மீது கரடி வெள்ளையாகத் தெரியாது. பழைய தந்தத்தின் மங்கிய மஞ்சளாகத் தெரியும். கரையில் அது பாசி படிந்த பாறையைப் போலவே இருக்கும். நகர்ந்தால்தான் கரடி. தூய வெண்ணிறக் கடற்காக்கைகள் ஓரிடத்தில் கூடியிருந்தால் அங்கே கரடி கொன்ற சீல் கிடக்கலாம்; கரடி முதலில் கொழுப்பை உரித்துத் தின்னும், எஞ்சிய இறைச்சி பறவைக்கும் நரிக்கும். என் மூன்றாவது பயணத்தில், சியூஓயானே எனப்படும் ஏழு தீவுகளுக்கு வடக்கே, காலை உணவு வேளையில் மூடுபனி ஒரு விரல் அகலம் விலகியபோது வழிகாட்டி ஒருவர் ஒரு மஞ்சள் புள்ளியைக் கண்டார். கப்பல் தலைவர் எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, பனிப்பாளங்களோடு சேர்ந்து மிதக்கவிட்டார். கரடி ஒரு துளையின் விளிம்பில் மார்பைத் தரையில் பதித்து, மூக்கை நீருக்கு ஒரு கையளவு மேலே வைத்துக்கொண்டு படுத்திருந்தது. ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்தது. மூடுபனி வந்தது, மறைத்தது, மீண்டும் விலகியது. அது அப்படியே இருந்தது. மேல்தளத்தில் இருந்த முப்பது பேரில் பாதிப்பேர் உள்ளே தேநீருக்குப் போய்விட்டார்கள். பிறகு அது இரு முன்கால்களையும் ஒருசேர நீருக்குள் இடித்து இறக்கியது; தலை தோள் வரை மூழ்கியது; வெறும் வாயோடு வெளியே வந்தது. உடலை உதறியபோது தெறித்த நீர் மூடுபனிக்கு எதிரே ஒரு வட்டமாக நின்ற அந்தக் கணமே மூன்று பயணங்களிலும் நான் எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த படம். கரடி அதில் சிறியது. அதைச் சுற்றிலும் ஒன்றுமில்லை.

அதனால் நான் சொல்லும் முதன்மையான திறமை காத்திருப்பதுதான். கரடியின் உடல்மொழியைக் கவனித்துக்கொண்டே இருங்கள். அது செய்துகொண்டிருந்ததைத் தொடர்ந்து செய்யும் வரை எல்லாம் சரி. தின்பதை நிறுத்தித் தலைதூக்கினால், மூக்கை உயர்த்திக் கப்பலின் பக்கம் மோப்பம் பிடித்துக்கொண்டே இருந்தால், திரும்பத் திரும்பப் பார்த்தபடி விலகி நடந்தால், மீண்டும் மீண்டும் கொட்டாவி விட்டால், 300 மீட்டருக்கு அப்பால் இருந்தாலும் கப்பல் அதற்குத் தொல்லையாகிவிட்டது என்று பொருள். சில வேளைகளில் அறியும் ஆவலில் அதுவே கப்பலை நோக்கி வரும். முன்பெல்லாம் அப்போது அசையாமல் காத்திருந்த கப்பல்கள் உண்டு. இப்போது தலைவர் பின்வாங்கத்தான் வேண்டும். அவர் கப்பலைத் திருப்பும்போது அவரை நெருக்கும் பயணிகளில் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டாம் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

மாதத்தைப் பற்றி. மே, ஜூன் மாதங்களில் கரையோடு ஒட்டிய பனி ஃபியார்டுகளில் எஞ்சியிருக்கும், நிலமெல்லாம் வெண்மையாக இருக்கும், காட்சி அழகுக்கு அதை மிஞ்ச முடியாது. ஆனால் 500 மீட்டர் விதி ஜூன் முடியும் வரை உண்டு, பனி அடைத்துக்கொண்டால் வடகிழக்குக்குப் போகவும் முடியாது. ஆகஸ்டில் தீவுகளை முழுதாகச் சுற்றிவரலாம். ஆஸ்ட்ஃபோன்னா பனிக்கவிகையின் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளப் பனிமுகப்பையும் அதிலிருந்து பொழியும் அருவிகளையும் காணலாம். ஆனால் பனி விளிம்பு வெகுதொலைவு வடக்கே போயிருக்கக்கூடும், கரடிகள் பெரும்பாலும் பழுப்புக் கரைகளில் தென்படும். ஜூலை முதல் மூன்று வாரங்களையே நான் பரிந்துரைக்கிறேன்: விதி 300 மீட்டராகக் குறைந்திருக்கும், பனி விளிம்பு பொதுவாக எட்டும் தூரத்தில் இருக்கும், ஆல்க்கஃபியெல்லெத் பாறைச் சுவரில் பல்லாயிரக்கணக்கான கடற்பறவைகள் கூடு கட்டியிருக்கும். ஒளியும் துணைசெய்யும். 80 பாகை வடக்கில் ஜூலை நடுவில் சூரியன் நண்பகலிலும் சுமார் 31 பாகைக்கு மேல் ஏறாது, நள்ளிரவில் 11 பாகைக்குக் கீழே இறங்காது. நம் ஊர்களில் காலை எட்டு மணிக்கு விழும் சாய்ந்த ஒளியே அங்கு நாள் முழுதும் விழுகிறது என்று சொன்னால் பெரிய தவறில்லை. ஆகவே இரவு இரண்டு மணிக்குக் கரடி தென்பட்டதாக ஒலிபெருக்கியில் அறிவித்தால் எழுந்து செல்லுங்கள்.

கப்பலைப் பொறுத்தவரை, பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் இப்போது செல்ல முடியாது. அங்கே கரையிறங்கவும் குறிப்பிட்ட 43 இடங்களில் மட்டுமே அனுமதி. இருபதிலிருந்து நூறு பேர் வரை ஏற்றும் கப்பல் போதுமானது. தாழ்ந்த தளமுள்ள சிறு படகில்தான் கண்மட்டப் படம் கிடைக்கும் என்ற பழைய அறிவுரைக்கு இப்போது அவ்வளவு வலுவில்லை. 300 மீட்டர் தொலைவில் பத்து மீட்டர் உயரத் தளத்திலிருந்து பார்த்தாலும் பார்வைக் கோணம் இரண்டு பாகைக்கும் குறைவாகவே சாயும். அது படத்தில் தெரியாது. வால்ரஸ்களையும் பறவைகளையும் படமெடுக்க ரப்பர் படகில் இறங்கும்போதுதான் தாழ்வான கோணத்தின் பயன் உண்மையில் விளங்கும். கப்பலைத் தேர்வதற்கு நான் வைக்கும் அளவுகோல் வேறு: கப்பலின் முன்முனையான அணியத்தின் பக்கம் பயணிகள் நிற்க இடமிருக்கிறதா, பனிக்குள் செல்லத் தக்க உடல்வலு கப்பலுக்கு உண்டா, பத்து நாளில் எத்தனை நாள் பனி விளிம்புக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பவை. இம்மூன்றையும் பதிவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். கரடி நிச்சயம் என்று உறுதிமொழி தருபவரிடம் பதிவு செய்ய வேண்டாம். டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கேமராவைக் கையாள்வதில் அங்கு பலரை ஏமாற்றுவது அலையும் காற்றுதான். வெப்பநிலை வேறுபட்ட காற்றடுக்குகள் நீருக்கும் பனிக்கும் மேல் நிற்பதால், தொலைவு கூடக்கூடக் கரடியின் விளிம்பு நெளியும். லென்ஸ் பழுதோ என்று எண்ணத் தோன்றும். வெயில் இல்லாத வேளையில் இது குறையும். கப்பலின் புகைபோக்கிக்குப் பின்புறமும் திறந்த கதவருகிலும் நிற்காதீர்கள். கதகதப்பான அறையிலிருந்து எடுத்துவந்த லென்ஸ் தன் முன்னால் பொருத்திய ஒளித்தடுப்புக் குழலுக்குள்ளேயே (ஹூட்) வெப்பக்காற்றைச் சுரந்து படத்தைக் குழப்பும் என்பதால், தேடல் தொடங்கும்போதே அதை வெளியே வைத்து அரை மணி நேரம் குளிரவிடுங்கள். திரும்ப உள்ளே கொண்டுபோகும்போது, வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இட்டு இறுக மூடிவிட்டால் ஈரம் பையின் மேல் படியும், கண்ணாடியின் மேல் அல்ல. முக்காலி வேண்டாம், எஞ்சினின் அதிர்வு தளத்தின் வழியே அதில் ஏறிவிடும். கையில் பிடித்து, தளத்தில் நொடிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கும், ரப்பர் படகில் அதைவிட வேகமான ஷட்டரும் வைத்து, ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்திறனைக் கேமராவின் பொறுப்பில் விடுங்கள். சட்டகம் முழுதும் பனியாக இருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கும் என்பதால் எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு படி வரை கூட்டி, படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலக்கரை வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரடியின் முதுகில் வெயில் விழும்போது கூட்டியதைக் குறைக்க வேண்டும். கேமரா மாற்றாமல் சேமிக்கும் மூலக் கோப்பான ரா கோப்பில் எடுத்தால் மயிரின் மஞ்சளையும் நிழலின் நீலத்தையும் பிறகு நிதானமாகப் பிரித்தெடுக்கலாம். கூடுதல் மின்கலங்கள் சட்டையின் உட்பையில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத இரண்டு செய்திகள். ஸ்வால்பார்டு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்கு வெளியே உள்ளது. ஆஸ்லோ வழியாகச் சென்று திரும்பும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கு இருமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா கட்டாயம். ஒருமுறை விசாவோடு புறப்பட்டால் திரும்பும் வழியில் சிக்கிக்கொள்வீர்கள். அடுத்தது, 2008இல் இந்தியா தொடங்கிய ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அமைந்திருக்கும் நீ-ஓலசுண்ட் ஊரில் உங்கள் கப்பல் நின்றால், அதைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குக் கைபேசியின் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவைக்க வேண்டும். அங்குள்ள அளவீட்டுக் கருவிகள் அந்த அலைகளால் பாதிக்கப்படும். கேமராவிலும் இவை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் மனைவியைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். வாங்காமல் விட்ட 600 மி.மீ. லென்ஸின் விலையில் ஒரு சிறு பகுதியைச் செலவிட்டு, 10×42 அளவுள்ள நல்ல பைனாகுலர் ஒன்றை அவர் கண்ணுக்குப் பொருத்தமாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். 300 மீட்டரில் உள்ள கரடி அதில் 30 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். மூச்சின் ஆவியும் காதின் அசைவும்கூடப் புலப்படும். மேற்சொன்ன அந்தக் காலையில், மூழ்கி எழுந்த கரடியின் வாய் வெறுமையாக இருந்ததை நான் படத்தைப் பெரிதாக்கிய பிறகுதான் அறிந்தேன். பைனாகுலரோடு என் அருகில் நின்றிருந்த மூதாட்டி அதை அந்தக் கணமே கண்டு, ஐயோ என்று தம் மொழியில் ஏதோ சொல்லி, கரடி அடுத்த பாளத்துக்கு நடந்து மூடுபனியில் மறையும் வரை பைனாகுலரைக் கீழே இறக்கவே இல்லை.